எங்களுக்கு முன்னால் போன மூன்று பேர்

பேய், முனி, காத்துக் கருப்பு என்று எதையும் நான் நம்பினவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்படி நம்புகிறவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் எனக்கு உத்தியோகமாகவே இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் நான் அம்மை குத்துகிறவன். ஊர் ஊராகப் போய், பெரியம்மை வராமல் இருக்கத் தோளில் அம்மைப்பால் என்கிற மருந்தைத் தடவி ஊசி குத்த வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று ஒருவர் கதவைச் சாத்துவார், இன்னொருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஓடுவார், அவர்களை விரட்டிப் பிடித்து, இது கிருமி, கண்ணுக்குத் தெரியாத பூச்சி, ஆத்தாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போகும். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நடுவில் உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். நானும் அன்றைக்குப் பாதி வழிவரை சிரித்துக்கொண்டுதான் நடந்தேன்.

அந்த வருஷம் மாசியில் கொல்லிமலை அடிவாரத்து ஊர்களில் பெரியம்மை கண்டுவிட்டது. அது மலைக்கு ஏறுவதற்குள் மேலே இருக்கிறவர்களுக்குக் குத்திவிட வேண்டும் என்று மேலதிகாரி உத்தரவு போட்டார். அவர் வரவில்லை. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து எந்த அதிகாரியும் அப்போது கொல்லிமலைக்கு வரமாட்டார்கள். இப்போது கொண்டை ஊசி வளைவெல்லாம் போட்டு பஸ் போகிறதே, அந்த ரோடு அப்போது கிடையாது. எல்லாம் கால்நடைதான். மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்; வாழவந்தி நாட்டில் ஆரம்பித்து, மலை முதுகு வழியாகவே நடந்து, ஆலத்தூர் நாடு வரைக்கும் நடுவில் இருக்கிற பட்டிகளுக்கெல்லாம் குத்திவிட்டு மறுபக்கம் இறங்கிவிடுவது என்று திட்டம்.

என்னோடு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் பழனி, எங்கள் ஆபீஸ் சேவகன். மார்புக்குக் குறுக்கே டவாலிப் பட்டை, அதில் சர்க்கார் முத்திரை போட்ட பித்தளை வில்லை, தலையில் எங்கள் தகரப்பெட்டி. நல்லவன்தான், ஆனால் சோம்பேறி. நடக்கிற தூரத்தைக் குறைக்க எந்தப் பொய்யும் சொல்வான். யாரைப் பார்த்தாலும் புகையிலை கேட்பான். இன்னொருவர் சடையன், வாழவந்தி நாட்டு விவசாயி. சாமையும் கேழ்வரகும் போடுகிறவர், நாலு பலாமரத்தில் மிளகுக்கொடி ஏற்றிவைத்திருந்தார். மகளை ஆலத்தூர் நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். பேரப்பிள்ளைகளுக்கு அம்மை வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். வழியும் காட்டுகிறேன், மகள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் குத்திவிடுங்கள் என்று சொல்லித்தான் கூட வந்தார். மலையில் நான் கெஞ்சாமல், தானாக வந்து ஊசியைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான்.

முதல் நாள் வாழவந்தி நாட்டில் குத்தி முடித்து, ஊர்க்கவுண்டர் வீட்டில் படுத்து, மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் கிளம்பினோம். பனி இறங்கி, புல்லெல்லாம் நனைந்து, வேட்டி முழங்கால்வரை ஈரம். பழனி முணுமுணுத்துக்கொண்டே வந்தான். நான் குடையைக் கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டு நடந்தேன்.

முதல் பட்டி ஒரு சரிவில், பலாமரங்களுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு கூரை வீடுகள். எங்களைப் பார்த்ததும் யாரும் ஓடவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. சாணி தெளித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, எதாச்சும் மறந்துபோட்டுப் போய்ட்டீங்களா?" என்றாள்.

"நாங்க இப்பத்தாம்மா வர்றோம். எல்லாரும் வெளிய வாங்க, அம்மை குத்தணும்."

"அதான் குத்திப்போட்டீங்களேங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசிக்குப் பயந்து எத்தனையோ சாக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பிள்ளைக்கு ஜுரம், வீட்டில் தீட்டு, ஊரே சந்தைக்குப் போய்விட்டது என்று. இது புதிது. "எங்கே காட்டு" என்றேன். அவள் இடது தோளைக் காட்டினாள்.

எங்கள் ஊசி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நுனியில் சின்ன வட்டம், அதைச் சுற்றிப் பல். தோளில் அம்மைப்பாலைத் தடவி, அதன்மேல் வைத்து ஒரு திருகு திருகினால் மோதிரம் பதித்த மாதிரி ஒரு சிவப்பு வளையம் விழும். ஒரு ஆளுக்கு நாலு வளையம். முள்ளால் கீறினாலும் சரி, சூடு போட்டாலும் சரி, அப்படி வராது. அவள் தோளில் நாலு வளையம் இருந்தது. ரத்தம் இன்னும் காயவில்லை.

ஒவ்வொரு வீடாக வந்து காட்டினார்கள். கிழவர், பெண்கள், இடுப்புக் குழந்தை எல்லோருக்கும் இருந்தது. யார் வந்தது என்று கேட்டால், "நீங்கதானுங்க" என்றார்கள். சரி, மலைக்காரர்களுக்குக் கோட்டுப் போட்ட சர்க்கார் ஆட்கள் எல்லோரும் ஒரே முகம்தான், மறுபக்கத்து ஜில்லாவிலிருந்து எவனோ எல்லை தாண்டி வந்து என் வேலையைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டு போகிறான் என்று முடிவு கட்டினேன். எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் வரவில்லை.

பட்டியைத் தாண்டியதும் பழனியைப் பிடித்தேன். "நாம இன்னிக்கு இந்த வழியா வர்றோம்னு யார்கிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் சொல்லலீங்கய்யா. எனக்கே நேத்துப் பொழுதோடதானுங்க தெரியும்."

"பின்ன எப்படிடா அவன் முன்னாடி போறான்?"

"போனாப் போகட்டுமுங்கய்யா. நமக்கு வேலை மிச்சம். இப்பிடியே திரும்பிக் கீழ எறங்கிரலாமுங்க."

அவன் திரும்பிவிடலாம் என்று சொன்னதுதான் என் சந்தேகத்தைக் கிளப்பியது. இவனே ஏதோ ஏற்பாடு செய்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். சடையன்மேலும் சந்தேகம் வந்தது. மலைக்காரர்கள் ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குக் கூவியே சேதி சொல்லிவிடுவார்கள், இவர் எதையாவது சொல்லி அனுப்பியிருந்தால்? ஆனால் ஊசி வேண்டும் என்று கேட்டவரே அவர்தானே. அவர் முன்னால் நடந்தார். நடக்கும்போது தரையையே பார்த்துக்கொண்டு போனார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தடத்தப் பாக்கறனுங்க சாமி."

"என்ன தடம்?"

"நமக்கு முன்னால ஆரு போயிருந்தாலும் இந்தப் பனியில புல்லு மடிஞ்சிருக்கோணும். மடியலீங்க."

வேறு வழியாகப் போயிருப்பான் என்றேன். சடையன் மறுபடி குனிந்து புல்லைப் பார்த்தார். வேறு வழி கிடையாது என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்த பட்டிக்குப் போய்ச் சேரும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. அங்கே கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்கள். ஒரு மனிதர் எழுந்து வந்தார், அந்தப் பட்டிக்குப் பெரியவர் போலிருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். தரையில் படுகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

"இப்பத்தானே போனீங்க. என்னத்துக்கு மறுக்கா வந்தீங்க?" என்றார்.

"போனது நான் இல்லைங்க. வேற ஆள். அவரு எப்படி இருந்தாரு, சொல்லுங்க."

"உங்களாட்டமே இருந்தாருங்க. இதே கோட்டு. இதே ஒட்டுப்போட்ட கொடை."

என் குடை கறுப்புத் துணி. போன மழையில் கிழிந்துபோய், வீட்டில் கறுப்புத் துணி இல்லாமல் என் மனைவி பழைய வேட்டித் துண்டை வைத்துத் தைத்துக்கொடுத்திருந்தாள். வெள்ளை ஒட்டு. அதை விரித்துப் பிடித்தால் தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள் என்று நான் மழைக்குக்கூட யோசித்துத்தான் விரிப்பேன். அன்றைக்குக் காலையிலிருந்து விரிக்கவே இல்லை.

அந்த மனிதர் பழனியைக் காட்டி, "இவுரு பொகயில கேட்டாரு. குடுத்தேன். கமுக்கமா மடியில கட்டிட்டுப் போனாரு" என்றார்.

பழனி அனிச்சையாகத் தன் மடியைத் தொட்டுப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. அவன் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அவ்வளவு நன்றாக நடிக்க அவனுக்குத் தெரியாது. அப்போதுதான் அவன்மேல் இருந்த சந்தேகம் போயிற்று, போனதில் எனக்கு நிம்மதியும் இல்லை.

ஒரு பையனின் தோளைத் திருப்பிப் பார்த்தேன். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து என் வலது கட்டைவிரல் முறிந்து கோணலாகக் கூடிவிட்டது. அதனால் நான் நாலாவது வளையம் வைக்கும்போது ஊசி கொஞ்சம் வெளிப்பக்கம் ஒதுங்கிவிடும். மேலே இரண்டும் நேராக, கீழே ஒன்று நேராக, கடைசி மட்டும் வரிசையை விட்டு விலகி நிற்கும். எத்தனையோ ஆயிரம் தோளில் அதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கையெழுத்தை உங்களுக்குத் தெரியாதா? அந்தப் பையன் தோளில் இருந்தது என் கை.

அப்போது நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், சத்தியமாக, எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். மலைக்காய்ச்சல் கண்டவர்கள் நடந்ததை மறந்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நானே வந்து குத்திவிட்டு மறந்துபோனேனோ? நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. பெட்டியை இறக்கித் திறந்து பார்த்தேன். அம்மைப்பால் அடைத்த கண்ணாடிக் குழல்கள் ஈரத்துணிச் சுற்றில் காலையில் வைத்த மாதிரியே இருந்தன. நாங்கள் ஒன்றையும் உடைக்கவில்லை.

பையனின் தாய் வந்து அவனை என் கையிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டாள். அந்தப் பட்டியில் யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை. மலையில் அப்படி நடக்காது. யார் போனாலும் களியோ கஞ்சியோ கொடுக்காமல் விடமாட்டார்கள். ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள். என் கையில் கொடுக்கவில்லை. ஏதோ ஒன்றை எங்களிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று பட்டது. கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் நடக்கவில்லை, ஓடினோம் என்றுதான் சொல்ல வேண்டும். எப்படியாவது அந்த ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. நடுவில் இன்னொரு பட்டி வந்தது, அங்கேயும் அதே கதைதான், முன்னால் போனவர்கள் குத்திவிட்டு உட்கார்ந்திருந்த பாறையைக் காட்டினார்கள், பக்கத்தில் நின்ற பிள்ளைகளின் கன்னத்தில் அழுத கண்ணீர்கூடக் காயாமல் இருந்தது. நெருங்கிவிட்டோம் என்று நான் நினைத்தேன். பழனிதான் கேட்டான்.

"ஏனுங்கய்யா, புடிச்சு என்னங்கய்யா பண்ணப் போறோம்?"

நான் நடையை இன்னும் எட்டிப் போட்டேன்.

பொழுது மேற்கே சாய்கிற நேரத்தில் ஒரு பள்ளத்தின் விளிம்புக்கு வந்தோம். கீழே ஓடைச் சத்தம் கேட்டது. எதிரே அடுத்த குன்று, அதன் உச்சிக்கு அந்தப் பக்கம்தான் சடையனுடைய மகள் இருக்கும் பட்டி. எதிர்ச்சரிவில் மரம் இல்லை, வெறும் புல். அந்தப் புல்லில் மூன்று பேர் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

முன்னால் ஒருவர், தலையில் துண்டு. நடுவில் ஒருவன், தலையில் பெட்டி. பெட்டியில் வெயில் பட்டு மின்னியது. பின்னால் ஒருவர் குடை விரித்துப் பிடித்திருந்தார். கறுப்புக் குடையில் ஒரு வெள்ளைத் திட்டு. தூரம் அதிகம்தான், முகம் தெரியவில்லை. ஆனால் நடையைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம் இல்லையா? பெட்டி சுமந்தவன் இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டு, காலை அகட்டி ஏறினான். திரும்பிப் பழனியைப் பார்த்தேன். அவனும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தான்.

நான் வாயில் கைகுவித்து, "ஓய், யாரய்யா அது, நில்லும்" என்று கத்தினேன்.

"கூப்புடாதீங்க சாமி" என்றார் சடையன். அவர் பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

என் குரல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். குடைக்காரர் நின்றார், திரும்பினார். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை எங்கள் பக்கம் காட்டி, காற்றை மெதுவாகத் தள்ளுகிற மாதிரி செய்தார். வராதே என்று சொல்கிற மாதிரி. அதில் கோபம் இல்லை, மிரட்டல் இல்லை. பிள்ளை அடுப்புப் பக்கம் போனால் நாம் தள்ளுவோமே, அப்படி. அப்புறம் திரும்பி மற்ற இருவரோடும் உச்சியைத் தாண்டிப் போய்விட்டார்.

பழனி பெட்டியை இறக்கி வைத்துவிட்டான். "நான் வல்லீங்கய்யா. வேலையே போனாலுஞ் செரி."

சடையன்தான் இப்போது திரும்பினார். அவர் நாள் முழுக்கப் பேசாததை அப்போது பேசினார். "முன்னால போனது நான். பாத்தீங்கல்ல? அது என்ற புள்ள ஊட்டுக்குப் போவுது. அப்பன் வந்திருக்கான்னு அவ கதவத் தொறந்து உடுவா. நான் போவோணுமுங்க. நீங்க வந்தாலும் வல்லீனாலும் நான் போவோணும்."

சொல்லிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார். நான் பின்னால் இறங்கினேன். கொஞ்சம் பொறுத்துப் பழனியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அங்கே தனியாக நிற்க அவனுக்குத் தைரியம் இல்லை.

நாங்கள் அந்தப் பட்டிக்குள் நுழையும்போது மாடுகள் திரும்பிக்கொண்டிருந்தன. முதல் வீட்டுக் கூரையில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்தடுத்த வீடுகளில் கதவு சாத்தியிருந்தது. ஆண்கள் நாலைந்து பேர் பாதையை மறித்து நின்றார்கள், கையில் கொடுவாள். அவர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

சடையன் அவர்களைத் தாண்டி மகள் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "நல்லம்மா. கண்ணு, அப்பன் வந்திருக்கேன்."

கதவு கொஞ்சம் திறந்தது. அவள் வெளியே வரவில்லை. "நீ ஆரு?" என்றாள்.

"அப்பன், கண்ணு."

"எங்கப்பன் இப்பத்தான் வந்துட்டுப் போச்சு. களி தின்னுச்சு. புள்ளைகள மடியில வெச்சு ஊசி குத்திக்கச் சொல்லுச்சு. அக்கட்டால எறங்கிப் போய்ட்டாங்க. நீ ஆரு?"

சடையன் தலைத்துண்டை எடுத்துவிட்டு முகத்தை அவள் பக்கம் காட்டினார். வாழ்நாளில் அந்த மாதிரி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. நான் முன்னால் வந்து, நான்தான் சர்க்கார் அனுப்பின ஆள், போனவன் எவனோ போலி, பிள்ளைகள் கையைக் காட்டுங்கள், சரியாகக் குத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். அடுத்த வீட்டிலேயே அம்மை இருக்கும்போது சும்மா விடமுடியாது. அவன் பச்சைத் தண்ணீரைத் தடவிவிட்டுப் போயிருந்தால் இந்தப் பட்டியே அழிந்துபோகும். பழனியின் வில்லையைப் பிடித்துக் காட்டினேன்.

"அவியகிட்டயும் இருந்துச்சுங்க" என்றான் கொடுவாள் வைத்திருந்த ஒருவன்.

"நான்தான்யா நிஜம்" என்றேன். அந்த வார்த்தை என் காதுக்கே நன்றாக இல்லை. நான்தான் நான் என்று ஒருவன் எதைக் காட்டி நிரூபிப்பான், சொல்லுங்கள் பார்ப்போம்.

அவன் கொடுவாளைத் தாழ்த்தினான். பிறகு மரியாதையாகவே சொன்னான். "போறப்ப அவிய சொல்லீட்டுப் போனாங்க. எங்க பின்னாலயே எங்களாட்டமே மூணு பேரு வருவாங்க. கெட்டவங்க இல்ல. தண்ணி குடுங்க, படுக்க எடங்குடுங்க. ஆனா அந்தக் குத்தறவரை மட்டும் ஒருத்தர் மேலயும் கைய வெக்க உட்றாதீங்கன்னாங்க."

"ஏன்?"

"அது சொல்லலீங்க."

முந்தின பட்டிகளில் மறைத்தது இதைத்தான் என்று அப்போது புரிந்தது. முதல் பட்டியைத் தாண்டினதிலிருந்து ஒவ்வொரு பட்டியிலும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள், அந்தப் பெரியவர் ஒன்றும் தெரியாத மாதிரிக் கேட்டது எங்களைச் சோதிக்கத்தான்.

நான் வாதாடினேன், மிரட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மாட்டுக்கொட்டகையில் எங்களுக்கு வைக்கோல் போட்டார்கள். சடையன் மகள் வீட்டுக் கதவுக்கு நேராக, வெளியே, பனியில் உட்கார்ந்துகொண்டார். "செரி கண்ணு. நான் உள்ள வல்ல. இங்கியே இருக்கேன். நீ கதவச் சாத்திக்கோ" என்றார். அவள் சாத்திக்கொண்டாள். பிறகு ஒரு தரம் திறந்து, ஒரு கம்பளியை அவர் பக்கம் எறிந்துவிட்டு மறுபடி சாத்தியதைப் பார்த்தேன்.

காலையில் அவள் வெளியே வந்து, அவரைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "நான் சின்னப்புள்ளையில எந்தக் கெணத்துல உழுந்தேன்?" என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் அழுதாள், அவரும் அழுதார். ஆனாலும் அன்றைக்கு அவரை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு பல வருஷம் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சடையன் வாசலில் நின்று அந்த மாதிரிப் பழைய விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார் என்று கேள்வி. போன தரம் சொன்னதை இந்தத் தரம் சொன்னால் அவள் ஒப்புக்கொள்ளமாட்டாளாம்.

நாங்கள் மறுபக்கம் இறங்கி ஊர் போய்ச் சேர்ந்தோம். மேலதிகாரியிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். குத்தியாயிற்று என்றேன், அதில் பொய் இல்லையே.

குத்தின ஒரு வாரத்தில் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. எழும்பினால்தான் பலித்தது என்று அர்த்தம். பழனி ஜுரம் என்று படுத்துவிட்டான். நான் தனியாகத்தான் ஏறினேன். முதலில் வாழவந்தி நாடு, முதல் நாள் என் கையால் குத்தினவர்கள். ஒருவருக்கும் எழும்பவில்லை. சடையனுக்கும் இல்லை. கீறல் காய்ந்து உதிர்ந்து, தோள் வெறுமையாக இருந்தது. கொண்டுபோயிருந்த புதுப் பாலால் அவர்களுக்கு மறுபடி குத்தினேன். என் பெட்டியில் இருந்த அம்மைப்பால் வழியிலேயே எங்கோ வெயில் பட்டுச் செத்துப்போயிருக்கிறது. அதைக் கொண்டுபோய் மற்றப் பட்டிகளில் குத்தியிருந்தால் அவர்களும் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்பி இருந்து, அம்மை வந்ததும் செத்திருப்பார்கள்.

மற்றப் பட்டிகளில் ஒருவர் விடாமல் எழும்பியிருந்தது. முத்து முத்தாக, பாடப்புத்தகத்தில் போட்ட மாதிரி. முதல் வீட்டில் அம்மை கண்டிருந்த அந்தக் கடைசிப் பட்டியில்கூட வேறு ஒருவருக்கும் அது பரவவில்லை. என்னைப் பார்த்ததும் இந்தத் தரம் யாரும் பின்னால் நகரவில்லை. ஒரு குழந்தை தானாக வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டது. களி கொடுத்தார்கள், பலாக்கொட்டை சுட்டுக் கொடுத்தார்கள். யார் என்று நினைத்துக்கொண்டு எனக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டேன்.

இதற்கெல்லாம் ஏதாவது ஒரு விளக்கம் இருக்கும் என்று பின்னாளில் படித்தவர்கள் சிலர் சொன்னார்கள். காய்ச்சல் மயக்கம் என்றார் ஒருவர். மூன்று பேருக்கும் ஒரே மயக்கமா என்றால் சிரித்தார். வேறு ஜில்லா ஆள்தான் என்றார் இன்னொருவர். சரி, அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் அந்தக் கடைசிப் பட்டியில் கிளம்புகிற நேரத்தில் ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். குடிசைக்குள் இருட்டில் பாயில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் துணியில் சுற்றின பச்சைக் குழந்தை. முந்தாநாள் பிறந்தது என்றாள். தொப்புள்கொடி இன்னும் விழவில்லை.

"இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இப்ப குத்தமாட்டோம்மா. ஆறு மாசம் போகட்டும்" என்றேன்.

"குத்தச் சொல்லலீங்க சாமி. இதைப் பாத்துச் சொல்லுங்க" என்று குழந்தையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, துணியை விலக்கினாள்.

இடது தோளில் நாலு வட்டம் இருந்தது. கொப்புளம் இல்லை, பொருக்கு இல்லை, கீறலும் இல்லை. ஆறி, வெளுத்து, உள்ளே குழிந்துபோன தழும்பு. பெரியவர்கள் தோளில் இருபது முப்பது வருஷம் கழித்து இருக்கிற மாதிரித் தழும்பு. சாம்பலோ சுண்ணாம்போ ஒட்டியிருக்கிறது என்று துண்டை எச்சிலில் நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். குழந்தை அழுதது. தழும்பு அப்படியே இருந்தது.

"பொறக்கறப்பவே இருந்துச்சுங்க. நல்லதுதானுங்களே?" என்று கேட்டாள்.

நல்லதுதான் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த மலைக்கு நான் போகவில்லை. இப்போது பெரியம்மையே உலகத்தில் இல்லை, அம்மை குத்துகிற வேலையும் இல்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் தோளில் அந்தத் தழும்பைப் பார்க்கவே முடியாது. ஆனாலும் யாராவது கைக்குழந்தையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினால் நான் முதலில் அதன் சட்டையைக் கொஞ்சம் விலக்கி இடது தோளைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.